கார் முன் கண்ணாடியில் கல்லடி: சின்னக் கருவிகளைக் கையாள்வது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கண்ணாடிச் சில்லு வேலை செய்கிறவனுக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. ஓசூர், சூளகிரி வழியாக வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையும் பர்கூர் வழியாகச் சென்னைக்குப் போகும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கேதான் சேர்கின்றன. இரண்டிலும் கிரானைட் லாரியும் ஜல்லி டிப்பரும் ஓடிக்கொண்டே இருக்கும், தார்ப்பாயைச் சரியாகக் கட்டாத ஒரு டிப்பருக்குப் பின்னால் பத்து நிமிடம் ஒட்டிப் போனால் போதும், நம் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் தயார். வேலை கற்க வருகிற தம்பிகளும், ஆன்லைனில் கிட் வாங்கிப் பாதி வேலையில் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவர்களும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். பதில்களில் "மெதுவாக" என்ற சொல் அடிக்கடி வரும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கல் பட்டால் உண்மையில் உடைவது எது?

முன் கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை, இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் பி.வி.பி. என்கிற பிளாஸ்டிக் படலம், அது பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர். கல் பட்டுச் சில்லு பெயரும்போது பொதுவாக வெளிக் கண்ணாடி மட்டும்தான் உடைகிறது, படலமும் உள்கண்ணாடியும் அப்படியே இருக்கும். நம் வேலை முழுக்க அந்த 2 மில்லிமீட்டருக்குள்தான், இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இந்த வகைக் கண்ணாடிக்கு வழி காட்டியவர் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1903-இல் அவர் ஆய்வகத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை உடைந்தும் சிதறவில்லையாம், உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-இல் காப்புரிமை வாங்கினார். இன்று நம் மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன் கண்ணாடி லேமினேட்டட், அதாவது இப்படி நடுவில் படலம் வைத்து ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபண்டு வகை, அடிபட்டால் மொத்தமாகப் பொடிப்பொடியாகிவிடும். அதைச் சரி செய்ய முடியுமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார், முடியாது.

சில்லு பட்ட இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தெரிவது உள்ளே புகுந்த காற்றால். கண்ணாடியில் ஒளி வளைகிற அளவும் காற்றில் வளைகிற அளவும் வேறு வேறு. ரெசின் (புற ஊதா ஒளி, அதாவது யு.வி. பட்டால் இறுகுகிற திரவப் பிசின்) ஏறத்தாழ கண்ணாடி மாதிரியே ஒளியை வளைக்கும், அதனால் காற்றை வெளியேற்றி ரெசினை நிரப்பினால் அடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிப்போகிறது. காற்றை எடு, ரெசினைப் போடு, இவ்வளவுதான் வேலை. கருவிகள் எல்லாம் இதற்காகத்தான்.

என்னென்ன கருவி கட்டாயம் வேண்டும்?

ஸ்கிரைபர் என்கிற கார்பைடு முனை ஊசி (எங்கள் பட்டறையில் வெறும் "ஊசி"), பிரிட்ஜ் (ரப்பர் கப்பால் கண்ணாடியில் ஒட்டி நின்று இன்ஜெக்டரைத் தாங்குகிற சட்டம்), இன்ஜெக்டர் (ரெசினை விரிசலுக்குள் செலுத்துகிற பிஸ்டன் குழாய்), கையடக்க டிரில்லும் ஒரு மில்லிமீட்டர் கார்பைடு பிட்டும், அடியின் உள்பக்கத்தைப் பார்க்க முகம் பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, டார்ச், யு.வி. விளக்கு, ரேசர் பிளேடு, ரெசின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் துண்டுகள். ஒரு பழைய டிபன் பாக்ஸில் அடங்கிவிடும்.

எதில் காசு போட வேண்டும் என்றால் இன்ஜெக்டரிலும் ரெசினிலும். டார்ச், பிளேடு, பார்க்கும் கண்ணாடி எல்லாம் சாதாரணக் கடையில் வாங்கியதே போதும். பெரிய பெட்டி, பளபளவென்று ஃபோம் வெட்டி வைத்த கிட் என்று மயங்க வேண்டாம், அந்த ஃபோமில் ரெசின் சிந்தினால் மூன்றே மாதத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

ஊசியை எப்படிப் பிடிப்பது? எவ்வளவு அழுத்துவது?

பேனா பிடிக்கிற மாதிரி, ஆனால் பேனாவைவிடச் சற்று மேலே. சுண்டு விரல் கண்ணாடியில் ஊன்றி இருக்க வேண்டும், அந்த ஊன்றல் இல்லாவிட்டால் கை நழுவி நல்ல கண்ணாடியில் கோடு விழும். கல் பட்ட மையக் குழியில் பொடிக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பல் டாக்டர் சுரண்டுகிற மாதிரி ஓரத்திலிருந்து மையத்துக்குக் கிளறி எடுக்க வேண்டும். அழுத்தம் என்று பார்த்தால், பழுத்த மாம்பழத்தில் ஊசியை வைத்தால் தோல் கிழியக் கூடாது, அவ்வளவுதான். கிழிந்தால் கனம் அதிகம்.

புதிதாக வருகிற தம்பிகள் செய்கிற தவறு, குழியைப் பெரிதாக்குவது. சுத்தமாக்குகிறேன் என்று தோண்டிக்கொண்டே போவார்கள். பொடி வந்து நின்றதும் நிறுத்த வேண்டும், ஊசி முனை "கிர்" என்று கல்லில் உரசுகிற மாதிரி சத்தம் கொடுத்தால் அது பொடி இல்லை, நல்ல கண்ணாடி.

பொடியை வாயால் ஊதாதீர்கள். ஒன்று, கண்ணில் விழும். இரண்டு, மூச்சில் இருக்கிற ஈரம் விரிசலுக்குள் போகும். கம்ப்ரசர் காற்றும் வேண்டாம், பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றோடு எண்ணெய்யும் தண்ணீரும் சேர்ந்தே வரும். மெல்லிய காய்ந்த பிரஷ் ஒன்று போதும்.

அண்ணா, டிரில் போடாமல் முடியாதா? பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான் தம்பி. பாதிக்கு மேற்பட்ட அடிகளுக்கு டிரில் வேண்டியதே இல்லை. குழி திறந்திருந்து ரெசின் உள்ளே போக வழி இருந்தால் டிரில்லைத் தொடாதே. ஸ்டார் வகையில், அதாவது மையத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி விரிசல்கள் (இவற்றைத்தான் கால் என்கிறோம்) ஓடுகிற அடியில், சில சமயம் மையம் இறுக மூடியிருக்கும், கால்கள் மட்டும் நாலாப் பக்கமும் ஓடியிருக்கும், ரெசின் வைத்தால் அசையாது. அப்போதுதான் டிரில்.

பிட் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும், கார் கண்ணாடி சாய்ந்திருக்கும், அதற்கேற்ப உன் கையும் சாய வேண்டும். தொடு, எடு, தொடு, எடு, ஒவ்வொரு தொடலும் இரண்டு மூன்று நொடி. டிரில்லின் சொந்த எடையே போதும், மேலே கையின் எடையை ஏற்றாதே. ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்தால் பிட் சூடாகும், சூடேறிய இடத்திலிருந்து புதுக் கால் ஒன்று ஓடும். மழுங்கிய பிட்டிலும் இதே கதைதான், பத்து ரூபாய் மிச்சம் பார்த்துப் பழைய பிட்டைப் போடுகிறவன் முழுக் கண்ணாடிக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஆழம்? வெளிக் கண்ணாடியே 2 மில்லிமீட்டர்தான் என்று சொன்னேன் இல்லையா. பாதியைத் தாண்டியதும் நிறுத்திப் பார். படலத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பூ விரிந்த மாதிரி வெள்ளை மூட்டம் பிடிக்கும், பிறகு என்ன ரெசின் ஊற்றினாலும் போகாது. எனக்கு இது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிது, ஒரு வாடகைக் கார், அதன் டிரைவர் அண்ணன் ஒகேனக்கலுக்குச் சவாரி இருக்கிறது சீக்கிரம் முடி என்று பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினார், நானும் அழுத்தினேன். "டொக்" என்று ஒரு சின்ன வித்தியாசம் கைக்குத் தெரிந்தது, கல்லிலிருந்து ரப்பருக்குப் போன மாதிரி. அவ்வளவுதான், முடிந்தது. அவரிடம் காசு வாங்கவில்லை, புதுக் கண்ணாடிக்குப் பாதி நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து டிரில் கையில் இருக்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை.

பிரிட்ஜ் நிற்காமல் நழுவுகிறது, என்ன செய்வது?

பத்தில் ஒன்பது முறை தூசி. பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் தூசி மாவு மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சக்‌ஷன் கப் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு காற்றை உள்ளே விடும். கப் உட்காரும் இடத்தையும் கப்பின் ஓரத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள், பிறகு விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஓரத்தைச் சுற்றித் தடவுங்கள். சிலர் வாசலின் தடவுகிறார்கள், நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் அதே விரலால் சில்லைத் தொட்டால் அந்த இடத்தில் ரெசின் ஒட்டாது. வாசலின் வைத்தால் உடனே கையைக் கழுவுகிற பழக்கம் இருக்க வேண்டும், என் கடைத் தம்பிகளுக்கு அது இல்லை, அதனால் தண்ணீர்தான்.

கப் வைக்கிற இடத்தையும் யோசிக்க வேண்டும். விரிசலின் கால் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் வைக்காதீர்கள். கப் கண்ணாடியை மேலே இழுக்கிறது, கால் மேல் உட்கார்ந்தால் அந்த இழுப்பே காலை நீட்டிவிடும்.

லாரிக் கண்ணாடி கிட்டத்தட்ட நேராக நிற்கும், அதில் கப் எப்போது கழன்று விழும் என்று சொல்ல முடியாது. வேலை முடிகிற வரை ஒரு கை பிரிட்ஜ் பக்கத்திலேயே இருக்கட்டும், அல்லது மேலே ஒரு டேப் போட்டுத் தாங்கிவிடுங்கள்.

இன்ஜெக்டரை எவ்வளவு முறுக்குவது?

அதிகமாக வருகிற கேள்வி இது, அதிகமாகக் கண்ணாடி உடைவதும் இங்கேதான். இரண்டு முறுக்கு இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது, இன்ஜெக்டர் குழாயைப் பிரிட்ஜுக்குள் இறக்குவது. இரண்டாவது, குழாய்க்குள் இருக்கிற பிஸ்டனை இறக்குவது.

முதல் முறுக்கில் குழாயின் அடி ரப்பர் கண்ணாடியைத் தொட வேண்டும், தொட்ட பிறகு கால் சுற்று, ரப்பர் லேசாக அமுங்கித் தெரிந்தால் சரி. நிறையப் பேர் ரெசின் கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்குவார்கள். கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் முறுக்குக் குறைவு இல்லை, இன்ஜெக்டர் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருப்பதுதான். பிரிட்ஜின் கால் ஸ்க்ரூவைத் திருத்தினால் கசிவு நிற்கும். சாய்ந்த இன்ஜெக்டரை முறுக்கினால் ரப்பரின் ஒரு ஓரம் மட்டும் கண்ணாடியைக் குத்தும், அப்போது விரிசலின் காலைப் பாருங்கள், கண் முன்னாலேயே அரை அங்குலம் ஓடும். மையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வெளியே நின்று பார்த்தால் ஏமாற்றும், வண்டிக்குள் அந்தச் சின்னக் கண்ணாடியை வைத்து அடியின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

ரெசின் மூன்று நான்கு சொட்டுப் போதும். குழாயை நிரப்பினால் பிஸ்டனுக்கு நகர இடம் இருக்காது, காற்று எங்கேயும் போகாது.

பிஸ்டனை மெதுவாக இறக்குங்கள், தடை தெரிந்ததும் நிறுத்துங்கள், அப்படியே ஐந்து நிமிடம் விடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பிஸ்டனை மேலே தூக்குங்கள், இப்போது உள்ளே வெற்றிடம், விரிசலில் சிக்கியிருந்த காற்று குமிழியாகக் குழாய்க்குள் ஏறும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி இறக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை. வேகமாகச் செய்தால் நேரம் மிச்சம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், ரெசினை அழுத்தித் தள்ளிப் பிரயோசனம் இல்லை, அதுவாக ஊறிப் போக வேண்டும், பஞ்சில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. கறுப்பாகத் தெரிந்த கால் நுனியிலிருந்து கறுப்பு பின்வாங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கையின் கனத்தில் நடக்கிற வேலை இல்லை இது. ஸ்பானர் பிடித்துப் பழகிய மெக்கானிக்குகளுக்குத்தான் கற்றுத்தர அதிக நேரம் ஆகிறது, தையல் வேலை தெரிந்த பையன் ஒருவன் என்னிடம் வந்தான், ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

எல்லாம் நிரம்பிவிட்டது, ஒரு கால் நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கிறதே?

வண்டிக்குள் போய் அந்தக் கால் இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால் கட்டை விரலால் லேசாக, மிக லேசாக, வெளிப்பக்கமாக அழுத்தி விடுங்கள். விரிசல் ஒரு நூலிழை திறக்கும், ரெசின் ஏறும். இதற்கும் வரவில்லை என்றால் உட்பக்கமிருந்து கொஞ்சம் சூடு. லைட்டர் வைக்கிறவர்கள் உண்டு, நானும் வைத்திருக்கிறேன், இப்போது தலைமுடி காய வைக்கிற டிரையரைத்தான் குறைந்த சூட்டில் காட்டுகிறேன். கண்ணாடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், "சுரீர்" என்றால் அதிகம்.

அப்படியும் வராத நுனி சில சமயம் வராது. அதை ஒத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். விரிசல் பரவாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம், அழகு இரண்டாவது. நன்றாகச் செய்த வேலையிலும் வெளிச்சம் ஒரு கோணத்தில் பட்டால் சின்னத் தழும்பு தெரியத்தான் செய்யும், புதுக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சித்திரை வெயிலில் இந்த வேலை செய்யலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வெயில் பற்றிச் சொல்ல வேண்டுமா. மதியம் வெளியே நின்ற வண்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் டிரில் போட்டாலும் முறுக்கினாலும் விரிசல் ஓடத் தயாராகக் காத்திருக்கும். இன்னொன்று, வெயிலில் யு.வி. இருக்கிறது, ரெசின் உள்ளே போவதற்குள் வெயிலே அதை இறுக வைத்துவிடும், அதோடு இன்ஜெக்டரும் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

நிழலில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஏ.சி. போட்டு உள்ளே குளிர வைத்தால் சீக்கிரம் ஆறுமே என்று சாமர்த்தியம் பண்ணாதீர்கள், உள்ளே குளிர்ச்சி வெளியே சூடு என்றால் கண்ணாடி இரண்டு பக்கமும் இழுபடும். பச்சைத் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம், சில்லு பட்ட கண்ணாடியைச் சூட்டோடு கழுவிவிட்டுக் கோடு ஓடிவிட்டது என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர். புளியமரத்து நிழல் குளிர்ச்சிதான், ஆனால் இலை இடுக்கில் வெயில் புள்ளி விழும், மேலிருந்து குச்சியும் பறவை எச்சமும் விழும். ஒரு தார்ப்பாயோ பெரிய குடையோ மேலே பிடித்துவிடுங்கள்.

மார்கழியில் தலைகீழ். ஓசூர்ப் பக்கத்துக் காலைக் குளிரில் ரெசின் கெட்டியாகி நகரவே நகராது. வெயில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள்.

மழையில் நனைந்த வண்டி வந்தால்?

விரிசலுக்குள் தண்ணீர் இருக்கும்போது ரெசின் போட்டால் அது பால் மாதிரி வெளுத்துவிடும். டிரையரால் மெதுவாக, தூரத்தில் வைத்து, கால் மணி நேரம் காய வையுங்கள். பிறகு கண்ணாடி ஆற வேண்டும். அதுவரை காத்திருக்க நேரமில்லை என்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள். அதுவரை சில்லு மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி அனுப்புங்கள், தூசியும் தண்ணீரும் போகாமல் இருக்கும்.

பெவிக்விக் ஊற்றினால் நிற்காதா?

நிற்காது. வெளுக்கும், குழியை அடைக்கும், பிறகு நாங்களும் உள்ளே போக வழி இருக்காது.

யு.வி. விளக்கை வண்டிக்குள்ளிருந்து காட்டலாமா?

வேண்டாம், வீண். நடுவில் இருக்கிற பி.வி.பி. படலம் யு.வி.யைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், ரெசின் வரை வந்து சேராது. வெளியிலிருந்துதான் காட்ட வேண்டும். குழியில் ஒரு சொட்டுக் கெட்டி ரெசின் விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளைக் காற்றுக் குமிழி இல்லாமல் படிய வைத்து, விளக்கை அதன் மேல் வையுங்கள், நேரம் ரெசின் பாட்டிலில் போட்டிருக்கும். தாள் எதற்கு என்றால், காற்றுப் பட்ட ரெசின் மேல்பக்கம் சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே இருக்கும். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், வண்டியைச் சுற்றி நிற்கிற குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள், நீல வெளிச்சம் என்றாலே அவர்களுக்கு வேடிக்கை.

பிளேடு பிடிப்பதில் என்ன பெரிய விஷயம்?

இருக்கிறது. ஸ்டிக்கர் சுரண்டுகிற மாதிரிப் படுக்க வைத்துச் சுரண்டினால் குழியில் இறுகிய ரெசின் மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும், ஒரு மணி நேர வேலை ஒரு நொடியில் போய்விடும். பிளேடைக் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கை விரல்களால் பிடித்து, முன்னும் பின்னும் சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். ரெசின் வெள்ளைப் பொடியாக வர வேண்டும், துண்டாக வந்தால் கோணம் தவறு. புது பிளேடுதான், ஒரு வண்டிக்கு ஒன்று. பழைய பிளேடுகளைப் போட மூடி உள்ள டப்பா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், குப்பையில் போட்டுக் குப்பை எடுக்கிறவர் கையைக் கிழிக்காதீர்கள்.

கருவிகளை எப்படிச் சுத்தம் செய்து வைப்பது?

வேலை முடிந்த அந்த நிமிடமே. இன்ஜெக்டரில் மிச்சமிருக்கிற ரெசின் வெயில் பட்டால் கல்லாகிவிடும், பிஸ்டன் அசையாது. பிறகு ஸ்பானர் போட்டுத் திருப்பிக் குழாயை உடைத்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் என் தம்பி. பஞ்சு உதிராத துணியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காய வைத்தால் போதும். அசிட்டோன் வேகமாகத் துடைக்கும்தான், ஆனால் ஓ-ரிங்கில் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம்) பட்டால் பல வகை ரப்பர் ஊதிப்போய்விடும், பிறகு வெற்றிடம் பிடிக்காது. பிஸ்டனைத் தூக்கினால் குமிழி வரவில்லை என்கிற புகாருக்கு முதலில் ஓ-ரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். கூடுதலாக நாலைந்து வாங்கி வையுங்கள்.

ரெசின் பாட்டில் எப்போதும் பெட்டிக்குள், மூடியோடு. வேலைக்கு நடுவில் டேஷ்போர்டு மேல் வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, கிருஷ்ணகிரி வெயிலில் அது பாட்டிலையே கொன்றுவிடும். இன்ஜெக்டரில் எடுத்த ரெசினைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள், உள்ளே போகிற கண்ணாடிப் பொடி அடுத்த வண்டியில் தெரியும்.

ஊசி முனைக்கு ஒரு மூடி போடுங்கள். கார்பைடு கடினம்தான், ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் முனை சில்லு போய்விடும். பழைய பால்பாயிண்ட் பேனா மூடி சரியாகப் பொருந்தும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கிட் உருப்படியானதா?

சின்ன ரவுண்டு அடிக்கு, நிழலில், பொறுமையாகச் செய்தால் பரவாயில்லை. பெட்டியில் புல்ஸ்-ஐ என்று போட்டிருக்குமே, அதுதான் ரவுண்டு. அந்தக் கிட்களில் இருக்கிற பிளாஸ்டிக் பிரிட்ஜ் வளையும், முறுக்க முறுக்க அழுத்தம் எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. ரெசினும் ஒரு வேலைக்குத்தான் வரும். சொந்த வண்டிக்கு முயன்று பார்க்கலாம், ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், ஒரு முறை தப்பாக ரெசின் இறுகிவிட்டால் பிறகு கடைக்குக் கொண்டுவந்தாலும் நாங்கள் அதை எடுக்க முடியாது. ஸ்டார் அடிக்கு அந்தக் கிட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கண்ணுக்கும் கைக்கும் என்ன பாதுகாப்பு?

டிரில், ஊசி இரண்டுக்கும் கண்ணாடி அணியுங்கள், சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டு மூடியும் வேண்டும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ரெசின் தோலில் பட்டுப் பட்டு அரிப்பு வருகிறவர்கள் உண்டு, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது பிறகு விடாது. வேலை முடித்துவிட்டுக் கண்ணைக் கசக்குவதற்கு முன் கையைக் கழுவுங்கள். அவ்வளவுதான்.

எந்த அடியை "முடியாது" என்று திருப்பி அனுப்ப வேண்டும்?

உள்கண்ணாடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் விரிசலில் தட்டினால் கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும். விரிசல் கண்ணாடியின் ஓரம் வரை ஓடியிருந்தால் நான் எடுப்பதில்லை. அளவைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பழுதுபார்ப்பு நெறிமுறையில் ரவுண்டு அடி 25 மில்லிமீட்டர் விட்டம் வரை, அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம், ஸ்டார் அடி கால்களோடு சேர்த்து 75 மில்லிமீட்டர் வரை சரி செய்யலாம் என்று வைத்திருக்கிறார்கள். நானும் ஏறத்தாழ அதையே பின்பற்றுகிறேன்.

டிரைவர் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிற அடியில் இன்னும் கறார். ரெசின் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் இரவில் எதிர் லாரி வெளிச்சம் பட்டால் அந்தத் தழும்பு நட்சத்திரமாகச் சிதறும், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அது வேண்டாத வேலை. புது வண்டிகளில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும், அதன் பார்வைக்குள் விழுந்த அடியையும் தொடாதீர்கள்.

மாங்காய் சீசனில் லோடு ஏற்றிய டிரைவர்கள் வந்து "எப்படியாவது ஒட்டு, மாங்கூழ் ஆலை வாசலில் வண்டி வரிசையில் நிற்கணும்" என்பார்கள், தெலுங்கிலும் கன்னடத்திலும் கெஞ்சுவார்கள். நான் செலோடேப்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

அண்ணா, பழக எங்கே போவது? யார் வண்டியையும் கெடுக்க மனசு வரவில்லை.

காயலான் கடைக்குப் போ. விபத்தில் வந்த வண்டியின் முன் கண்ணாடி, ஒரு பக்கம் உடைந்திருந்தாலும் மறு பக்கம் நல்லதாக இருக்கும், பேசினால் டீக்காசுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு செங்கல் மேல் சாய்த்து, கார் கண்ணாடி சாய்கிற அதே கோணத்தில் நிறுத்து. தட்டையாகப் படுக்க வைத்துப் பழகினால் கை தப்பாகப் பழகும். கண்ணாடி அணிந்துகொண்டு, மழுங்கிய ஆணியை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, உனக்கு வேண்டிய அடி கிடைக்கும். முதல் பத்து அடியில் ரெசினே போடாதே, ஊசியும் பிரிட்ஜும் மட்டும். அடுத்த பத்தில் வேண்டுமென்றே அதிகமாக முறுக்கு, கால் எந்த நொடியில் ஓடுகிறது என்று விரலுக்குத் தெரியட்டும், அதை வாடிக்கையாளர் வண்டியில் தெரிந்துகொள்ளக் கூடாது பார். படலத்தையும் ஒரு முறை டிரில்லால் தொட்டுப் பார், அந்த "டொக்" எப்படி இருக்கும் என்று நான் எழுதிப் புரிய வைக்க முடியாது. ஒரு கண்ணாடியில் முப்பது, நாற்பது அடி போடலாம், நிறைந்த பிறகு அதே கடையில் திருப்பிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டு வா.